தங்கச்சிக்கு ஓவரில (சினைப்பைல) கட்டி, ஆபரேஷனுக்கு ஷார்ஜா வரச் சொல்றாங்க, போகலாமா?

கீழக்கரை ராத்தா:

அஸ்ஸலாமு அலைக்கும், மத்த எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சிக்காக கேக்குறேன். வயசு 27, நாலு வயசுல ஒரு பையன் இருக்கான். வலது பக்கம் அடிவயிறு இழுத்து பிடிக்குதுன்னு சொல்லிட்டே இருந்தா, பீரியட்ஸ் நேரத்து வலிதானேன்னு நெனச்சுட்டு இருந்தா, அப்புறம் சும்மா உக்காந்து இருக்கும்போதும் வர ஆரம்பிச்சதும் ராமநாதபுரம் கூட்டிட்டு போயி ஸ்கேன் எடுத்தோம். வலது ஓவரில 7.5 செ.மீ கட்டி, டெர்மாய்டு மாதிரி தெரியுதுன்னு ரிப்போர்ட். சிஏ 125ன்னு ஒரு ரத்த டெஸ்ட், அது 48 வந்துருக்கு, 35க்குள்ள இருக்கணும்னு பக்கத்துலயே அச்சடிச்சு இருக்கு. அதை யாரோ நெட்ல போட்டு பாத்து கேன்சர் டெஸ்ட்னு சொல்லிட்டாங்க, அன்னைலருந்து உம்மாவுக்கு சோறு எறங்கல.

டாக்டரம்மா லேப்ராஸ்கோப்பில, அதான் சின்ன ஓட்டை போட்டு எடுத்துரலாம், மதுரைக்கு எழுதித் தர்றேன்னாங்க. ஆனா தங்கச்சி மாப்பிள்ளை ஷார்ஜாவுல இருக்காரு, விசிட் விசா போட்டு இங்க கூட்டிட்டு வந்துரு, இங்க மிஷின் எல்லாம் புதுசு, நானும் கூட இருப்பேன்னு சொல்றாரு. வாப்பாவோட அண்ணன் பினாங்குல இருக்காங்க, அவங்க அங்க வாங்கன்றாங்க. மாமியா வீட்ல மாப்பிள்ளை கையெழுத்து இல்லாம ஆபரேஷன் எப்படி பண்ணுவீங்க, அவன் லீவுல வரட்டும்ன்றாங்க. லீவு எப்ப கிடைக்கும்னே தெரியல. தங்கச்சி யாருகிட்டயும் வாயே திறக்க மாட்டேங்குறா, ராத்திரி என்கிட்ட மட்டும் "ஓவரிய எடுத்துட்டா இன்னொரு புள்ள பொறக்காதா ராத்தா"ன்னு கேக்குறா. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ராம்நாட் நர்ஸ்:

வ அலைக்கும் ஸலாம்மா. நான் லேபர் வார்டுலயும் தியேட்டர்லயும் ரொம்ப வருஷமா வேலை பாக்குறேன், டாக்டர் கிடையாது, அதனால உங்க டாக்டரம்மா சொல்றதுக்கு மேல நான் சொல்றத எடுத்துக்காதீங்க.

முதல்ல உம்மாவுக்கு சோறு போடுங்க. சிஏ 125 கேன்சருக்கு மட்டும் ஏறுற டெஸ்ட் இல்ல. பீரியட்ஸ் நேரத்துல எடுத்தா ஏறும், சாக்லேட் சிஸ்ட் (ஓவரில பழைய ரத்தம் சேந்து நிக்கிற கட்டி) இருந்தா ஏறும், கர்ப்பப்பைல நார்க்கட்டி இருந்தா ஏறும், உள்ள இன்பெக்ஷன் இருந்தா ஏறும். மாதவிலக்கு நிக்காத சின்ன வயசுப் பொம்பளைக்கு 48ங்கிறத தனியா வச்சு ஒன்னும் சொல்ல முடியாது, ஸ்கேன்ல கட்டி எப்படி இருக்குன்றதோட சேத்துதான் பாப்பாங்க. உள்ள கெட்டியான பகுதி இருக்கா, தடுப்பு தடுப்பா இருக்கா, வயித்துல நீர் கோத்திருக்கா, ரெண்டு பக்கமும் இருக்கா, இதெல்லாம் பாத்துட்டு தேவைப்பட்டா எம்ஆர்ஐ எடுப்பாங்க. டெர்மாய்டுல கொழுப்பு இருக்கும், எம்ஆர்ஐல அது நல்லா தெரிஞ்சுரும். 40 வயசுக்கு கீழ உள்ளவங்களுக்கு ஸ்கேன்ல சந்தேகம் இருந்தா ஏஎஃப்பி, எல்டிஹெச், பீட்டா ஹெச்சிஜின்னு இன்னும் மூணு ரத்த டெஸ்ட் எடுக்கச் சொல்லுவாங்க, எழுதிக் குடுத்தா பயப்படாதீங்க, அந்த வயசுக்கு அதுதான் முறை.

அடுத்தது இப்பவே வீட்ல எல்லாருக்கும் சொல்லி வைங்க. 5 செ.மீ தாண்டின கட்டி, அதுலயும் டெர்மாய்டு, ஓவரியோட சேந்து முறுக்கிக்கிறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. காத்து மாறுனா நங்கூரக் கயிறு முறுக்கிக்கும் பாருங்க, அது மாதிரி சுத்திக்கிட்டா ஓவரிக்கு போற ரத்தம் நின்னுரும். திடீர்னு ஒரு பக்கம் தாங்க முடியாத வலி, கூடவே வாந்தி, வேர்த்துக் கொட்டுறது, இப்படி வந்தா சோடா குடிச்சுப் பாக்குறது, ஊசி போட்டுப் பாக்குறது எல்லாம் வேண்டாம், 108ஐ கூப்பிட்டு நேரா பெரிய ஆஸ்பத்திரி. மணிக்கணக்குல லேட்டானா காப்பாத்த வேண்டிய ஓவரிய எடுத்துர வேண்டியதாப் போயிரும். லீவு வரட்டும், விசா வரட்டும்னு உக்காந்திருக்கிறதுல எனக்கு இருக்கிற பயமே இதுதான்.

தங்கச்சிகிட்ட சொல்லுங்க, டெர்மாய்டுக்கு பெரும்பாலும் கட்டிய மட்டும் உரிச்சு எடுத்துட்டு ஓவரிய விட்டுருவாங்க. அப்படியே ஒரு பக்கத்த எடுக்க வேண்டி வந்தாலும் இன்னொரு ஓவரி நல்லா இருந்தா மாசா மாசம் பீரியட்ஸ் வரும், புள்ளயும் பொறக்கும்.

ஷார்ஜா மச்சான்:

நான் 12 வருஷமா இங்கதான் இருக்கேன், பெரியபட்டினத்துக்காரன். மாப்பிள்ளை ஆசை எனக்கு புரியுது, பொண்டாட்டி தியேட்டருக்கு உள்ள போகும்போது வெளிய நிக்க முடியாம இங்க போனைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறது சாதாரண வேதனை இல்ல. ஆனா ஒன்ன விசாரிச்சுட்டு விசா போடச் சொல்லுங்க. விசிட் விசாவோட வர்ற இன்சூரன்ஸ் பொதுவா திடீர்னு வர்ற ஆபத்துக்குத்தான், ஏற்கனவே ஸ்கேன் எடுத்து தெரிஞ்ச கட்டிக்கு ஆபரேஷன்னு போனா அதுல வராது, முழுப் பணமும் கைலருந்து கட்டணும். ஷார்ஜா மாதிரி வடக்கு எமிரேட்ஸ்ல 2025 ஜனவரி 1லருந்து தனியார் கம்பெனி ஆளுங்களுக்கு இன்சூரன்ஸ் கட்டாயம் ஆக்கிருக்காங்க, துபாய்ல அதுக்கு முன்னாடியே 2013 சட்டத்துலருந்து வந்துருச்சு. ஆனா அது வேலை பாக்குற ஆளுக்கு. ஊருலருந்து விசிட்ல வர்ற மனைவிக்கு அது தானா வந்துராது.

என் வீட்டுக்காரி இங்க ஃபேமிலி விசாவுல இருந்தா, கம்பெனி இன்சூரன்ஸ்ல அவளும் இருந்தா, அதனால அவளுக்கு இங்கயே லேப்ராஸ்கோப்பி பண்ணுனோம். நல்லா பண்ணாங்க, ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா அவ அதே டாக்டர்கிட்ட மாசக்கணக்கா போயிட்டு இருந்தா, ஆபரேஷனுக்கு அப்புறமும் நாங்க எங்கயும் போகல, அதே ஊருதான். உங்க தங்கச்சி வந்து பண்ணிட்டு விசா முடியுதுன்னு கிளம்பணும், பயாப்ஸி ரிப்போர்ட் வர்றதுக்குள்ள கூட கிளம்ப வேண்டி வரலாம். மாப்பிள்ளைக்கு பன்னெண்டு மணி நேர டூட்டின்னா பகல்ல அந்தப் பொண்ணு ரூமுல தனியா, புள்ளயும் கூட. கஞ்சி வச்சுக் குடுக்க யாரு இருக்கா?

மூலிகை முத்து:

ஆபரேஷனே வேணாம் சகோதரி. கழற்சிக்காய் பருப்ப உடைச்சு ரெண்டு மிளகோட சேத்து வெறும் வயித்துல 48 நாள் குடுங்க, நீர்க்கட்டி கரைஞ்சுரும், எத்தனையோ பேருக்கு கரைஞ்சிருக்கு.

ராம்நாட் நர்ஸ்:

முத்து அண்ணே, உங்க மனசு நல்லது, கோவிச்சுக்காம கேளுங்க. நீங்க சொல்ற நீர்க்கட்டின்றது பிசிஓஎஸ், ஸ்கேன்ல ஓவரி ஓரமா சின்னச் சின்ன முட்டைப் பைங்க வரிசையா தெரியுமே அது, அதுக்கு பொதுவா ஆபரேஷன் தேவைப்படாது. அதுபோக மாசா மாசம் முட்டை வர்ற பை கொஞ்சம் பெருசாகி நிக்கிற சாதா நீர்க்கட்டியும் உண்டு, 5 செ.மீக்கு கீழ இருந்தா பெரும்பாலும் ரெண்டு மூணு பீரியட்ஸ்ல அதுவா சுருங்கிரும், அந்த நேரம் எதக் குடிச்சிருந்தாலும் அதுதான் கரைச்சுச்சுன்னு பேரு வாங்கிக்கும். இந்தப் பொண்ணுக்கு இருக்கிறது டெர்மாய்டு. அதுக்குள்ள கொழுப்பு, முடி, சில நேரம் பல்லு கூட இருக்கும். இங்கிலீஷ் மாத்திரைலயும் கரையாது, நாட்டு மருந்துலயும் கரையாது. 48 நாள் இவ மருந்து குடிச்சுட்டு இருக்கிறப்ப நடு ராத்திரி முறுக்கிக்கிட்டா யாரு பதில் சொல்றது?

முடி, பல்லுன்னு சொன்னேன்ல, அதை ராத்தா குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்லி வச்சிருங்க. ஆபரேஷன் முடிஞ்சு கட்டிய கிண்ணத்துல வச்சு காட்டுவாங்க, கத்தை கத்தையா முடியப் பாத்துட்டு யாரோ செஞ்சு வச்சுட்டாங்க, மந்திரிச்ச சோத்த தின்னுட்டான்னு அழுது ஊரையே கூட்டுன குடும்பங்கள நான் பாத்திருக்கேன். கொழுந்தியா மேல, பக்கத்து வீட்டு மேல பழி வந்து பேச்சுவார்த்தையே நின்னு போயிருக்கு. செய்வினையும் இல்ல ஒன்னும் இல்ல. சினைமுட்டையா ஆக வேண்டிய செல்லுக்கு ஒடம்போட எந்தப் பாகத்தையும் உண்டாக்குற சக்தி உண்டு, அது ஓவரிக்குள்ளயே தன்பாட்டுக்கு வளர ஆரம்பிச்சா தோலு, முடி, பல்லுன்னு உண்டாயிரும். பல பேருக்கு வருஷக்கணக்கா உள்ள மெதுவா வளந்துட்டு இருக்கும், தெரியவே தெரியாது. ரொம்ப ரொம்பக் கொஞ்சப் பேருக்குத்தான் அது கேன்சரா மாறும், அதுவும் பெரும்பாலும் வயசானவங்களுக்கு.

பாசிக்காரி பாம்பன்:

அக்கா நான் படிச்சவ இல்ல, மக டைப் பண்ணுறா. நான் கடல்ல பாசி எடுக்குறவ. எனக்கும் கட்டி இருந்துச்சு, பெருசு, தொப்புள் வரைக்கும் வந்துருச்சு, எல்லாரும் தொப்பைன்னே நெனச்சாக. மூச்சப் பிடிச்சு முங்குனா அடிவயித்துல அழுத்தும், அப்புறம் எந்திரிக்கவே முடியாது. கடைசில சர்க்கார் ஆஸ்பத்திரிலதான் வயித்த திறந்து எடுத்தாக. கையில காசு இல்ல, பேங்குல ஒன்னுமில்ல, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்துச்சு, அதுல எடுத்துக்கிட்டாக. கவர்மெண்டுல பாக்க மாட்டாகன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீக, பெரிய டாக்டரம்மா தெனமும் வந்து பாத்துட்டு போனாக.

நாங்க பாத்த நேரம் எதுன்னா தடைக்காலம். ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகாதுல்ல, வீட்டுக்காரரு கரைல இருந்தாரு, புள்ளைகளப் பாத்துக்கிட்டாரு, தண்ணி தூக்குனாரு. அது இல்லாட்டி நான் தையலு காயுறதுக்கு முன்னாடியே கொடத்தத் தூக்கிருப்பேன். திறந்து எடுத்ததால ஆறு வாரத்துக்கு ஒரு வேலையும் கூடாதுன்னாக, பாரம் தூக்கவும் கடல்ல முங்கவும் மூணு மாசம் ஆகும்னாக, அப்படியே இருந்தேன். அந்தப் பொண்ணுக்கு சின்ன ஓட்டை போட்டு எடுத்தா சீக்கிரம் எந்திரிச்சுரும். ஆனா பக்கத்துல ஆளு வேணும். ஆளு இருக்கிற ஊருல பண்ணுங்கக்கா, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கீழக்கரை ராத்தா:

எல்லாருக்கும் ஜஸாக்கல்லாஹ் ஹைரன். பாம்பன் அக்கா நீங்க சொன்னத உம்மாகிட்ட வாசிச்சுக் காட்டுனேன், நம்ம ஊருல பொண்ணு உம்மா வீட்டுலதானே இருக்கா, இங்க ஆளுக்கு என்ன பஞ்சம்னு சொல்லிட்டு அன்னைக்கு ராத்திரிதான் சாப்பிட்டாங்க.

இன்னொன்னு கேக்கணும். கையெழுத்து விஷயம். மாப்பிள்ளை வராம ஆஸ்பத்திரில ஒத்துக்குவாங்களா? இன்னொன்னு, ஆம்பளை டாக்டரா இருந்தா வேணாம்னு தங்கச்சி சொல்றா.

தொண்டி வாத்தியார்:

கையெழுத்து விஷயத்துல ஒரு முக்கியமான தீர்ப்பு இருக்கு. 2008 ஜனவரில சுப்ரீம் கோர்ட் சொன்னது, சமீரா கோஹ்லி வழக்கு. அந்தம்மா உள்ள என்ன பிரச்சனைன்னு லேப்ராஸ்கோப்பில பாக்கத்தான் சம்மதம் குடுத்தாங்க, மயக்கத்துல இருக்கும்போதே அவங்க அம்மாகிட்ட கேட்டுட்டு கர்ப்பப்பை, ஓவரி எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. வயசு வந்த, சுயநினைவோட முடிவெடுக்கக்கூடிய பொம்பளைக்கு அவங்க சம்மதம்தான் சம்மதம், அம்மா குடுத்தது செல்லாது, பாக்குறதுக்கு குடுத்த சம்மதத்த எடுக்குறதுக்கு பயன்படுத்தக் கூடாதுன்னு கோர்ட் சொல்லுச்சு. உயிருக்கு உடனடி ஆபத்துன்னா மட்டும் வேற. அதனால 27 வயசுப் பொண்ணு தன் ஒடம்புக்கு தானே கையெழுத்துப் போடலாம். ஆஸ்பத்திரில வழக்கத்துக்கு கூட இருக்கிறவங்க கையெழுத்தும் கேப்பாங்க, அதை நீங்களோ உம்மாவோ போடலாம்.

அந்த ஃபாரத்த நின்னு நிதானமா வாசிங்க. கட்டிய மட்டும் எடுக்கவா, தேவைப்பட்டா ஓவரியும் எடுக்கவா, எந்த நிலைமைல எடுப்பாங்க, இதை முந்தின நாளே தங்கச்சி தன் வாயால டாக்டர்கிட்ட கேக்கணும். நீங்க கேக்காதீங்க, அவளைக் கேக்க விடுங்க.

வெளியூரு போறதப் பத்தி பேச்சு வந்ததால ஒன்னு சொல்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச சரித்திரம் இது. ஓவரி கட்டிய வயித்த திறந்து எடுத்து ஆளு பொழச்சதா பதிவான முதல் ஆபரேஷன் 1809 டிசம்பர்ல, அமெரிக்காவுல கென்டக்கி மாநிலம் டான்வில்ங்கிற ஊருல நடந்துச்சு. டாக்டர் பேரு எஃப்ரைம் மெக்டொவல், நோயாளி ஜேன் டாட் கிராஃபோர்ட். வயித்துல பத்து கிலோ கட்டிய வச்சுக்கிட்டு 60 மைல் குதிரை மேல உக்காந்து வந்தாங்க அந்தம்மா. மயக்க மருந்தே அப்ப கிடையாது, ஈத்தர் 1846லதான் வருது. 25 நிமிஷத்துல எடுத்தாரு, அவங்க துதிப்பாட்டு சொல்லிக்கிட்டே படுத்திருந்தாங்க. 25 நாள் அங்கயே தங்கிட்டு வீட்டுக்குப் போனாங்க, அப்புறம் 32 வருஷம் உயிரோட இருந்தாங்க. 60 மைல் எதுக்கு வந்தாங்க? அந்தப் பக்கத்துல வேற யாருக்கும் செய்யத் தெரியாது. நமக்கு அப்படியா? மதுரை நூத்திச் சொச்சம் கிலோமீட்டர், காருல ரெண்டு ரெண்டரை மணி நேரம். 2022 ஜனவரில ஒரே நாள்ல திறந்த 11 மெடிக்கல் காலேஜ்ல ராமநாதபுரமும் ஒன்னு. மாலத்தீவு, ஓமன், பங்களாதேஷ்லருந்தெல்லாம் வைத்தியத்துக்குன்னே சென்னைக்கு வர்றாங்க. அந்தம்மா குதிரைல வந்ததுக்கு ஒரு காரணம் இருந்துச்சு, நம்ம பொண்ணு ஃபிளைட்டுல போறதுக்கு அப்படி ஒரு காரணம் இருக்கான்னு மாப்பிள்ளைய யோசிக்கச் சொல்லுங்க.

ராம்நாட் நர்ஸ்:

பொம்பளை டாக்டர் வேணும்னு கேக்குறது தப்பே இல்லம்மா, மகப்பேறு பிரிவுல பெரும்பாலும் அவங்கதான் இருப்பாங்க. மயக்க மருந்து குடுக்குறவங்க ஆம்பளையா இருக்கலாம், அத முன்னாடியே தங்கச்சிகிட்ட சொல்லிருங்க, அங்க போயி பாத்துட்டு பதறக் கூடாது. தியேட்டருக்குள்ள தேவைக்கு மேல ஒடம்ப திறந்து போட மாட்டோம், துணி போட்டு மூடித்தான் வச்சிருப்போம். இதைச் சொன்னாலே பாதி பேரு தைரியமாயிருவாங்க.

டாக்டர்கிட்ட கேக்க வேண்டிய ஒன்னு. டெர்மாய்டு உள்ள இருக்கிற கொழுப்பு வயித்துக்குள்ள கொட்டுனா குடல் சவ்வுல அழற்சி வரலாம். அதுக்குத்தான் ஒரு பைக்குள்ள போட்டு வெளிய எடுப்பாங்க, கொஞ்சம் கொட்டிட்டா நிறைய சலைன் விட்டு நல்லா கழுவிருவாங்க. "பைல வச்சு எடுப்பீங்களா மேடம்"னு கேளுங்க, கேக்குறதுல ஒரு தப்பும் இல்ல. கேட்டாலே கோவப்படுற எடமா இருந்தா வேற எடம் பாருங்க.

பினாங்கு பெரியப்பா மகன்:

நான் இவங்க சொந்தம் இல்ல, ஐடி பேரு அப்படி அமைஞ்சுருச்சு, நான் தேவிபட்டினம் பக்கம், இப்ப பினாங்கு. இங்க ஆஸ்பத்திரிங்க நல்லாதான் இருக்கு, சுமத்ராவுலருந்து தெனமும் சனம் வைத்தியத்துக்கு வருது, அவங்களுக்கு ஒரு மணி நேர ஃபிளைட்டு, மறுபடி காட்டணும்னா மறுபடி வந்துருவாங்க. நம்ம ஊருலருந்து வர்றவங்களுக்கு அது முடியாது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 2023 டிசம்பர் 1லருந்து 30 நாள் விசா இல்லாம உள்ள விடுறாங்க, அதை நம்பி வந்து ஆபரேஷன் பண்ணி, காயத்துல சீழ் கீழ் வச்சு நாள் இழுத்துட்டா அப்புறம் இமிக்ரேஷனுக்கு ஓடணும். கையில தனியா பணம் வேணும். பெரியப்பா பாசத்துல கூப்பிடுறாங்க, அவங்கள நோகடிக்காம, ஒடம்பு தேறுனதும் புள்ளயோட சுத்திப்பாக்க வர்றோம்னு சொல்லுங்க.

தேவிபட்டினம் பொண்ணு:

எனக்கு ஒரு சந்தேகம், அவங்க அப்புறமா ஷார்ஜா போறதா இருந்தா ஆபரேஷனுக்கு அப்புறம் எத்தனை நாள்ல ஃபிளைட்டு ஏறலாம்? உள்ள கேஸ் அடிக்கிறாங்களே, மேல போனா வயிறு வெடிச்சுரும்னு எங்க சித்தி சொல்றாங்க, உண்மையா?

ராம்நாட் நர்ஸ்:

வெடிக்காதுடாம்மா. ஆனா சித்தி சொல்றதுல ஒரு விஷயம் இருக்கு. லேப்ராஸ்கோப்பில வயித்த உப்ப வைக்க கார்பன் டை ஆக்சைடு விடுவாங்க, முடிக்கும்போது வெளிய எடுத்துருவாங்க, மிச்சம் இருக்கிறத ஒடம்பு உறிஞ்சிக்கும். அது கொஞ்சம் உள்ள இருக்கிற வரைக்கும் தோள்பட்டை வலிக்கும், வயித்துல பண்ணிட்டு தோளு ஏன் வலிக்குதுன்னு எல்லாரும் கேப்பாங்க, அதுக்கு காரணம் இதுதான், நடந்தா சரியாயிரும். ஃபிளைட்டு மேல போகும்போது உள்ள காத்தழுத்தம் ஆறாயிரம் எட்டாயிரம் அடி மலை மேல இருக்கிற அளவுக்கு குறையும், அப்ப ஒடம்புக்குள்ள அடைஞ்சு இருக்கிற வாயு கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு விரியும். பிரிட்டன் விமானத் துறை சொல்றது லேப்ராஸ்கோப் ஆபரேஷன்னா 1, 2 நாள் கழிச்சு, சாதாரண வயித்து ஆபரேஷன்னா 4, 5 நாள், பெருசா பண்ணிருந்தா 10 நாள். அது பறந்தா ஆபத்து இல்லைங்கிற கணக்குத்தான். அதோட பெட்டி தூக்கணும், க்யூல நிக்கணும், நாலு மணி நேரம் மடங்கி உக்காரணும். எங்க டாக்டருங்க பொதுவா தையல் பாத்து, பயாப்ஸி ரிப்போர்ட் கைக்கு வந்தப்புறம் போகச் சொல்லுவாங்க, எனக்கும் அதுதான் சரின்னு படுது.

இன்னொன்னு கால்ல ரத்தம் கட்டுறது. ஆபரேஷன் ஆன ஒடம்புக்கும் நீண்ட நேரம் ஃபிளைட்டுல உக்காருறதுக்கும் ரெண்டுக்குமே அந்த ரிஸ்க் இருக்கு, ரெண்டும் சேந்தா கூடும். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலிச்சா, மூச்சு வாங்குனா உடனே காட்டணும். ஹார்மோன் மாத்திரை சாப்பிடுறவங்களா இருந்தா டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிரணும். ஏர்லைன்ல பறக்க ஒடம்பு தகுதின்னு டாக்டர் லெட்டர் கேக்கலாம், டிக்கெட் போடும்போதே விசாரிச்சுக்கங்க.

கீழக்கரை ராத்தா:

எல்லாருக்கும் சொல்லணும்னு வந்தேன். அல்ஹம்துலில்லாஹ், ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுச்சு, மதுரைலதான். மாப்பிள்ளைகிட்ட ஷார்ஜா மச்சான் எழுதுனத அப்படியே அனுப்பி வச்சேன், ரெண்டு நாள் பேசல, அப்புறம் அவரே கூப்பிட்டு அங்கயே பண்ணிருங்க ராத்தா, பணம் அனுப்புறேன்னாரு. மாமியாகிட்டயும் அவரே பேசிட்டாரு. எம்ஆர்ஐல டெர்மாய்டுதான்னு உறுதியாச்சு. தங்கச்சியே டாக்டரம்மாகிட்ட கேட்டா, பைல வச்சு எடுப்பீங்களான்னு. அவங்க சிரிச்சுக்கிட்டே இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டுட்டு ஒரு பேப்பர்ல படம் போட்டு காட்டுனாங்க, எங்க வெட்டுவோம், எத விட்டுருவோம்னு. ஃபாரத்துல அவ கையெழுத்த அவளே போட்டா. ஓவரிய விட்டுட்டு கட்டிய மட்டும் எடுத்துருக்காங்க. முடியப் பாத்து உம்மா ஒரு நிமிஷம் ஆடிப்போனாங்க, நீங்க முன்னாடியே சொன்னதால வாப்பா சமாதானப்படுத்திட்டாங்க.

பயாப்ஸி ரிப்போர்ட்டும் வந்துருச்சு, சாதா டெர்மாய்டு, கேன்சர் இல்ல. சிஏ 125ஐ பத்தி இனிமே நெனைக்காதீங்கன்னுட்டாங்க. ஆறு மாசம் கழிச்சு ஒரு ஸ்கேன், இன்னொரு பக்கத்துலயும் சில பேருக்கு வரும்ன்றதால. மாப்பிள்ளை வீடியோ கால்ல ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தாரு, அவளும் சிரிச்சா. லீவுல வரும்போது அவங்களா பேசி ஃபேமிலி விசா போடுறதா இருக்காங்க.

தேவிபட்டினம் பொண்ணு:

மாஷா அல்லாஹ், ரொம்ப சந்தோசம் ராத்தா. எனக்கு சாக்லேட் சிஸ்ட் 4 செ.மீன்னு இருக்கு, கல்யாணம் ஆகி குழந்தைக்கு பாத்துக்கிட்டு இருக்கோம், நாத்தனார் சிங்கப்பூர் வந்து பண்ணிக்கோன்னு கூப்பிடுறாங்க. அவங்களுக்குப் பண்ண மாதிரி நானும் உடனே எடுத்துரவா?

ராம்நாட் நர்ஸ்:

உன் கதை வேறம்மா, அவசரப்படாத. சாக்லேட் சிஸ்ட உரிக்கும்போது கூடவே நல்ல முட்டைகளும் கொஞ்சம் போயிரும், அதனால குழந்தைக்கு பாக்குறவங்களுக்கு 4 செ.மீன்னா எடுக்கவா வேண்டாமான்னு டாக்டருங்களே யோசிச்சுத்தான் சொல்லுவாங்க. ஏஎம்ஹெச்னு ஒரு ரத்த டெஸ்ட், முட்டை இருப்பு எவ்வளவுன்னு ஓரளவு சொல்லும், அத எடுத்துட்டு, வலி எப்படி இருக்கு, எத்தனை வருஷமா முயற்சி பண்றீங்க, வீட்டுக்காரர் டெஸ்ட் எப்படி இருக்கு, எல்லாத்தையும் சேத்து குழந்தையின்மைக்கு பாக்குற டாக்டர்கிட்ட முதல்ல போ. வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போ, டெஸ்ட் ரெண்டு பேருக்கும்தான். நாத்தனார்கிட்ட இப்போதைக்கு ஸ்கேன் ரிப்போர்ட்ட அனுப்பி அங்க ஒரு டாக்டர்கிட்ட அபிப்பிராயம் மட்டும் கேக்கச் சொல்லு, அதுக்கு நீ போகணும்னு இல்ல. பழைய ஸ்கேன் எல்லாத்தையும் தேதி வாரியா ஒரு ஃபைல்ல போட்டு எடுத்துட்டுப் போ, கட்டி வளருதா அப்படியே இருக்கான்னுதான் முதல்ல கேப்பாங்க.

தேவிபட்டினம் பொண்ணு:

சரிக்கா. போன வருஷம் எடுத்தது ஒன்னு இருக்கு, அதுல 3.6ன்னு இருந்துச்சு. தேடி எடுத்து வைக்கிறேன், அடுத்த வாரம் ரெண்டு பேரும் போறோம்.